துரைத் தொப்பி எப்படி உருமாறியது?

கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது 1690-இல். அன்று வந்த துரைமாரின் தொப்பி வேறு, அவர்கள் பேரன்மார் போட்ட தொப்பி வேறு. ஏன் மாறியது என்று புரிய ஒரு தோசை போதும்.

முதலில் மாவு. பீவர், முயல் போன்றவற்றின் மென்மயிரை வெந்நீரும் ஆவியும் காட்டி அழுத்தினால், இழைகள் பின்னிக்கொண்டு கெட்டித் துணியாகும். அதுதான் ஃபெல்ட். அடுத்து, அதை மர அச்சில் மாட்டி ஆவி காட்டினால் நடுவில் குல்லாய் எழும்பும். சுற்றி மிஞ்சுவது அகல விளிம்பு. அதுதான் நம் தோசை.

இனி எல்லாம் மடிப்புதான். அகல விளிம்பு தொங்கும், தோளில் துப்பாக்கி சாத்தினால் இடிக்கும். எனவே மூன்று பக்கமும் தூக்கி மடித்தார்கள்: முக்கோணத் தோசை. 1756-இல் ராபர்ட் கிளைவ் இக்கோட்டைப் பொறுப்பில் இருந்தபோது இதுவே மோஸ்தர். பிறகு இரண்டே மடிப்பு. அது நெப்போலியன் தொப்பி. அப்புறம் விளிம்பைச் சுருக்கிக் குல்லாயை உயர்த்த, 19-ஆம் நூற்றாண்டின் குழாய்த் தொப்பி பிறந்தது. அமெரிக்காவில் 1865-இல் ஜான் ஸ்டெட்சன் மடிக்காத தோசையையே விற்றார். வாங்கிய மாட்டுக்காரர்கள் ஓரங்களைத் தாமே சுருட்டிக்கொண்டார்கள். அதுதான் கௌபாய் தொப்பி.

ஆனால் நம் வெயிலில் ஃபெல்ட் புழுங்கியது. ஆகவே இங்கே மாவையே மாற்றினார்கள். ஏரி குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவினால் உள்ளே வெள்ளைச் சோறு. அதன் நுண்ணறைகளில் நிறையக் காற்று. அதனால் எடையும் இல்லை, சூடும் எளிதில் இறங்காது. மெல்லிய தாள்களாகச் சீவி, அச்சின்மேல் அடுக்கி ஒட்டி, துணி போர்த்தினார்கள். உச்சியில் ஒரு துளை, உள்ளே தொப்பியைத் தலையிலிருந்து விலக்கிப் பிடிக்கும் பட்டை. எனவே காற்று நுழைந்து வெளியேறும். மழையில் ஊறினால் மட்டும் கெட்டுவிடும்.

அதனால் இரண்டாம் உலகப் போரில் மழை கொட்டும் பர்மாவுக்குப் போன சிப்பாய்கள் மறுபடி ஃபெல்ட்டுக்கே திரும்பினார்கள். ஒரு பக்கம் மட்டும் மடித்த தொப்பி. நெட்டித் தொப்பி ஓய்ந்தது, நெட்டி ஓயவில்லை. வரும் மாட்டுப் பொங்கலுக்கு பிளாஸ்டிக் மாலையை விட்டு நெட்டி மாலை வாங்குங்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே, துரைமார் அதைத் தலையில் வைத்த காரணம் தெரிந்துவிடும்.