பழைய பாட்டரிக்கு என்ன விலை?

வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரி போய்விட்டால் என்ன செய்கிறோம்? பழசைக் கடைக்காரரிடம் கொடுத்து, புதுசின் விலையில் கழித்துக்கொள்கிறோம். குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. செல்போன் பாட்டரியை மட்டும் யாரும் கேட்டு வருவதில்லை. என் மேசை இழுப்பறையில் மூன்று கிடக்கின்றன. ஏன் இந்த வித்தியாசம்? டீ ஆறுவதற்குள் சொல்லப் பார்க்கிறேன்.

இன்வெர்ட்டர் பாட்டரியில் இருப்பது பெரும்பாலும் ஈயம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதே ஈயம்தான். உருக்கி வார்த்தால் மறுபடி பாட்டரி. (அனுமதியில்லாத பட்டறையில் உருக்கினால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறும். அது வேறு கதை.) செல்போனிலும் மின்சாரக் காரிலும் இருக்கும் லித்தியம் பாட்டரி அப்படியில்லை. மெல்லிய அலுமினியத் தாளில் லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் சேர்ந்த பூச்சு. செப்புத் தாளில் கிராஃபைட் பூச்சு. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் சவ்வு. எல்லாவற்றையும் பாய் போலச் சுருட்டி, எளிதில் தீப்பற்றும் திரவத்தில் ஊறவைத்து மூடியிருக்கிறார்கள். கலவையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இதை உடைத்து உலோகம் எடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: இது செத்துவிட்டதா, களைத்துவிட்டதா? மின்சாரக் கார் பாட்டரியின் கொள்ளளவு 70, 80 சதவீதத்துக்கு இறங்கியதும் ஓட்டுபவருக்குத் தூரம் போதாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து சூரிய மின்சாரத்தைச் சேமிக்க அது தாராளம். மீந்த இட்லி உப்புமா ஆகிற மாதிரி. ஆம்ஸ்டர்டாமின் யோஹான் க்ரைஃப் கால்பந்து அரங்கில் 2018-இல் 3 மெகாவாட் சேமிப்பகம் ஒன்றை அமைத்தார்கள். 148 நிஸான் லீஃப் கார்களின் பாட்டரிகளுக்கு நிகரானது. புதியவற்றோடு காரில் ஓடித் தேய்ந்தவையும் அதில் உண்டு.

உப்புமாவும் ஒருநாள் தீரும். அப்போது மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட்டு, தீப்பிடிக்காத சூழலில் அரைத்து, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக்கைப் பிரித்தால் ஒரு கறுப்புத் தூள் மிஞ்சும். காசு அதில்தான் இருக்கிறது. அமிலத்தில் கரைத்து உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். மொத்தமாக உலையில் போடுவது சுலபம், ஆனால் லித்தியம் கசடோடு போய்விடும். பிறகு அதை மீட்பது தனி வேலை. உலகக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகளும் இறங்குகிறார்கள் என்பதை நினைத்தால் இந்தத் தூளின் மதிப்பு புரியும்.

இதில் ஒரு சிக்கல். கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம் என்று இரும்பு, பாஸ்பேட் போட்ட பாட்டரிகள் வந்துவிட்டன. விலை குறைவு, ஆயுள் அதிகம், தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. நல்ல சரக்குதான். ஆனால் உடைத்தால் கிடைப்பது இரும்பும் கொஞ்சம் லித்தியமும். உடைக்கிற கூலிக்கே கட்டாது. அவற்றை முடிந்த மட்டும் இரண்டாம் வேலைக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம் என்பேன். கடைசியில் உடைப்பதற்குச் சட்டம்தான் பிடித்துத் தள்ள வேண்டும். பாட்டரியைத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ விற்கும் கம்பெனியே திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று இந்தியா 2022-இல் விதி போட்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், வேதியியலைவிடப் பெரிய எதிரி பசை. பிரிக்கவே முடியாதபடி ஒட்டி அடைத்த பாட்டரியை எந்தத் தொழிலாளி எவ்வளவு நேரம் நெம்புவார்? திருகாணி போட்டு, உள்ளே என்ன கலவை என்று மேலே எழுதினால் பாதி வேலை முடிந்தது.

டீ ஆறிவிட்டது, குடியுங்கள். வீட்டுக்குப் போனதும் இழுப்பறையைப் பாருங்கள். உப்பிய பாட்டரி இருந்தால் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.