விபத்தென்று பதிவாகாதவை

சொந்தமாகக் கட்டிய சிறு விமானம் ஒன்று ஓடுபாதையில் இறங்குகிறது. மூக்குச் சக்கரத்தின் தண்டு மடங்க, சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர் தரையில் அடித்து வளைகிறது. இறக்கை நுனியும் உரசிப்போகிறது. விமானி காயமில்லாமல் வெளியே வந்துவிடுகிறார். பார்த்தவர்கள் விபத்து என்றுதான் சொல்வார்கள். அமெரிக்க விதிமுறை அப்படிச் சொல்லாது. அங்கே விபத்து என்று பதிவாக வேண்டுமானால் யாராவது இறந்திருக்க வேண்டும், கடுங்காயம் பட்டிருக்க வேண்டும், இல்லையேல் விமானத்துக்குப் பெருஞ்சேதம் ஆகியிருக்க வேண்டும். லேண்டிங் கியர், சக்கரம், டயர், பிரேக், இறக்கை நுனி, தரையில் பட்ட புரொப்பெல்லர், ஒரே எஞ்சினோடு நின்றுவிட்ட பழுது இவை எதுவுமே பெருஞ்சேதத்தில் சேராது என்று அந்த விதியே பட்டியல் போட்டு விலக்கியிருக்கிறது. ஆர்வலர் கட்டிய விமானங்களைப் பொறுத்தவரை இந்த விலக்கு தவறான இடத்தில் கோடு கிழிக்கிறது என்பது என் வாதம்.

தொழிற்சாலையில் செய்த விமானத்துக்கு இந்த விலக்கால் பெரிய தீங்கில்லை. புரொப்பெல்லர் தரையில் பட்டால், உரிமம் பெற்ற மெக்கானிக் பழுது பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அது மறுபடி பறக்கலாம். பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலரே செய்து முடித்த விமானத்துக்கு அந்தப் பராமரிப்பு விதிகள் பொருந்துவதில்லை. பழுதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆண்டுக்கொரு முறை நடக்கும் சோதனைக்கு மட்டும்தான் தகுதிச் சான்று வேண்டும். கட்டியவர் விண்ணப்பித்தால் தன் விமானத்துக்கான அந்தச் சான்று அவருக்கே கிடைத்துவிடும். ஆக, ஓடுபாதையில் நடந்தது சின்ன விஷயமா, எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயமா என்று தீர்மானிப்பவர், பல ஆண்டு உழைப்பையும் சேமிப்பையும் அதில் கொட்டிய மனிதரே.

வெளியே தெரியாத சேதம்தான் இங்கே ஆபத்து. இவ்வகை விமானங்கள் பலவற்றில் இருக்கும் லைக்கமிங் எஞ்சினில் கிராங்க்‌ஷாஃப்டின் பின்முனையில் ஒரு பல்சக்கரம் உண்டு. கேம்‌ஷாஃப்ட், தீப்பொறி தரும் மேக்னெட்டோக்கள், எண்ணெய் பம்ப் மூன்றும் அதன் வழியாகத்தான் இயங்குகின்றன. புரொப்பெல்லர் தரையில் அடித்துச் சட்டென்று நிற்கும் அதிர்ச்சியில் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டோ முளையோ சேதமடையலாம். புதுப் புரொப்பெல்லரை மாட்டினால் எஞ்சின் வழக்கம்போல ஓடும். பின்னொரு நாள் நடுவானில் அந்தப் பிடி விட்டுப்போனால் மூன்றும் ஒருசேர நிற்கும். இதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004-இல், புரொப்பெல்லர் அடிபட்ட லைக்கமிங் எஞ்சின்களில் இந்தப் பகுதியைத் திறந்து பார்த்து, போல்ட்டையும் பூட்டுத் தகட்டையும் மாற்றச் சொல்லி உத்தரவிட்டது.

உயிர்ச்சேதம் ஓடுபாதையில் அல்ல, வானில்தானே நேர்கிறது, இறங்கும்போது சக்கரம் மடங்குவதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும் என்று கேட்கலாம். பாதி உண்மை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2012 ஆய்வும், இவ்வகை விமானங்களின் விபத்துகளில் எஞ்சின் கோளாறும் பறக்கையில் கட்டுப்பாடு இழப்பதுமே மற்றவற்றைவிட மிக அதிகம் என்கிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: 2011-இல் விபத்துக்குள்ளான இத்தகைய விமானங்களில் பாதிக்கு மேல், கட்டியவரிடம் இல்லாமல் விலைக்கு வாங்கியவரிடம் இருந்தவை. புதிதாகக் கட்டியதன் முதல் பறத்தலில் நடந்ததைவிட, பழையதை வாங்கியவரின் முதல் பறத்தலில் அதிக விபத்துகள் நடந்திருந்தன. பழக்கமின்மைக்கு இதில் பெரும் பங்கு இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் என்றோ ஓடுபாதையில் வாங்கிய அடி பராமரிப்புப் பதிவேட்டில் ஏறாமல் போனால், வாங்குகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள அரசின் விபத்துப் பதிவும் உதவாது.

காரணத்தைத் தேடுகிறவர்களுக்கும் இது குறைதான். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-6ஏ, 7ஏ போன்ற மாதிரிகளில் மூக்குத் தண்டு பின்னால் மடங்கி விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்த நிகழ்வுகள் உண்டு. கவிழ்ந்து வால் நசுங்கினால் அது விபத்து; தண்டு மடங்கியதோடு நின்றுவிட்டால் விபத்துக் கணக்கிலேயே இல்லை. காரணம் ஒன்றாக இருக்க, பதிவாவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்து என்றால் அந்தக் கணக்கை வைத்து வடிவமைப்பைத் திருத்துவது எப்படி?

இவற்றையும் பதிவு செய்யச் சொன்னால், பதிவு என்றாலே தண்டனையும் காப்பீட்டுத் தொல்லையும்தான், ஆர்வலர்களின் சுதந்திரமே போய்விடும் என்பது வலுவான மறுப்பு. காப்பீட்டுக் கவலை நியாயமானது. சேதக் காப்பீடு எடுக்காதவர் எஞ்சினைப் பிரிக்கும் செலவைத் தானே சுமக்க வேண்டும். தண்டனை பயத்துக்கு அவ்வளவு அடிப்படையில்லை. 1976 முதல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கைத் திட்டத்தில் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பினால், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலுக்குப் பொதுவாகத் தண்டனை தள்ளுபடியாகும். விபத்துகளுக்கு அந்தச் சலுகை இல்லை. விபத்தென்று பதிவாகாத இந்தச் சம்பவங்களுக்கு உண்டு. பிரிட்டனில் லேண்டிங் கியர் முறிந்தாலே விபத்து விசாரணைக் கிளைக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் விமானியே நிரப்பிய படிவத்தை வைத்து, மாத இதழில் சுருக்கமாக வெளியாகிறது. விமானியின் வயதும் பறந்த மணி நேரமும் அதில் இருக்கும், பெயர் இருக்காது. அங்கே இன்றும் ஆர்வலர்கள் விமானம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.