பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

கடலூரில் வெகுகாலம் நின்றுவிட்ட ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்; சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உறவுக்காரி. சிதம்பரம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தூரம் 50 கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் கயிறு வேண்டாம்.

ஏன்? கயிறு இழுக்கும், நிறுத்தாது. சிதம்பரத்தில் வடம் பிடிக்க எத்தனை பேர் இருந்தாலும், தேரை நிறுத்துவது முட்டுக்கட்டைதான். காருக்கு அந்த முட்டுக்கட்டை பிரேக். நின்றே கிடந்த காரில் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்; சிலிண்டருக்குள் துரு ஏறும், ரப்பர் இறுகும். கடலோர உப்புக்காற்று வெளியிலுள்ள இரும்பையும் அரிக்கும். வேகம் 2 மடங்கானால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 4 மடங்காகும்.

எப்படி? தட்டு சாய்ந்து இறங்கும் ரெக்கவரி லாரியில் ஏற்ற வேண்டும். தாழ்ந்த கார் என்பதால் முன்பக்கம் இடிக்கும். டயர்களுக்கு அடியில் பலகை கொடுத்துச் சரிவைக் குறைத்து, வின்ச்சால் மெல்ல இழுக்க வேண்டும். பிறகு பட்டையால் 4 சக்கரங்களையும் கட்ட வேண்டும், பாடியை அல்ல. பாடியைக் கட்டினால், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் பட்டை தளரும். சக்கரத்தைக் கட்டினால் ஸ்பிரிங் தன்பாட்டுக்கு ஆடும், பிடி விடாது. கொஞ்ச தூரம் போனதும் லாரியை ஓரங்கட்டிப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள்.