புலுனி வந்ததா?

*பேரனின் பல், அம்மாவின் கண், பெற்றோல் வரிசை, தோட்டத்துக் குருவி. கண்டியில் ஐந்து பேர் நாள்தோறும் பரிமாறிக்கொண்ட சின்னச் சின்னச் செய்திகள் ஒரு பெருமழையின் பின் என்ன செய்தன?*

விடிவதற்குள் அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் முதலில் காதில் விழுவது புலுனிகளின் சத்தம்தான். ஈரப்பலா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சருகைப் புரட்டிப் புரட்டி ஏழெட்டு உருப்படிகள் இரை தேடும். ஒன்று மட்டும் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்திருக்கும். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு கைபேசியை எடுத்தால், எங்கள் வாட்ஸ்அப் குழுவும் அதற்குள் விழித்திருக்கும்.

"பேரனுக்கு முதல் பல் வந்திருக்கு" என்று கட்டுகஸ்தோட்டை அக்கா. "அம்மாவோட கண் ஆப்ரேசனுக்குத் திகதி கெடச்சிருச்சு" என்று ஹந்தானைத் தங்கச்சி. "கேஸ் வந்திருக்காம், சுறுக்கா போங்க" என்று திகன நானா. கடைசியில் அனிவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஒற்றை வரி: "இண்டைக்கு ஏழும் வந்திட்டுது." ஏழு என்றால் அவர் தோட்டத்துப் புலுனிகள்.

நாங்கள் ஐந்து பேரும் கண்டி வாவியைச் சுற்றி நடந்து பழகியவர்கள். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த வாவி அது. ஒரு சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. கரையோர மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் அடையும். கீழே நடப்பவர் அண்ணாந்து பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். அப்படி அண்ணாந்து பார்த்த இடத்தில்தான் எங்கள் பேச்சுத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து நடை நின்றதும் பேச்சு கைபேசிக்குள் குடிபுகுந்தது.

ஒரு குருவி, பல பெயர்கள்

ஆசிரியர் பிறந்த யாழ்ப்பாணத்தில் அது புலுனி. தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி. ஆங்கிலத்தில் இந்த இனத்துக்கு 'ஏழு சகோதரிகள்' என்றொரு பெயருண்டு. கட்டுகஸ்தோட்டை அக்கா சிங்களவர், ஓய்வுபெற்ற தாதி. தன் மொழியில் அதன் பெயரைச் சொல்ல அவர் முதலில் தயங்கினார். சிங்களத்தில் அது 'தெமலிச்சா'. 'தெமல' என்றால் தமிழ். ஓயாமல் பேசும் குருவிக்கு எங்கள் பெயரை வைத்திருக்கிறார்களே என்று நாங்கள் வருத்தப்படுவோமோ என்று அவருக்குக் கூச்சம்.

1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ட நகரம் இது. அந்தத் தயக்கத்தின் பின்னால் எவ்வளவு இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஆசிரியர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "இந்தக் குருவி உலகத்திலேயே தென்னிந்தியாவிலையும் இலங்கையிலையும் மட்டும்தான் இருக்கு. பேர் பொருத்தம்தானே!" அன்றிலிருந்து அக்கா கூச்சமின்றி 'தெமலிச்சா' என்கிறார், ஆசிரியர் புலுனி என்கிறார்.

புலுனிகள் ஏன் இப்படிப் பேசிக்கொண்டே இருக்கின்றன? கூட்டமாக வாழும் பறவை அது. இலையும் கொடியும் மறைக்கும் தரையில் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது குரலால் தொட்டுக்கொண்டே நகர்கிறது. காவல் இருக்கும் குருவி வல்லூற்றையோ பாம்பையோ கண்டால் குரல் மாறும். அந்தக் கணமே கூட்டம் புதருக்குள் போய்விடும். குஞ்சு பொரித்தால் பெற்றவை மட்டுமல்ல, கூட்டத்தின் மற்றக் குருவிகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். இரவில் ஒரே கிளையில் நெருக்கியடித்து உறங்கும்.

மேல்தோட்டத்தின் கீழே

கண்டியில் குருவிப் பேச்சுக்குக் குறைவு வராததற்குக் காரணம் மண்ணிலேயே இருக்கிறது. தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தைக் காடு 1856இல் ஒதுக்கப்பட்ட வனமாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. 'உடவத்தை' என்றால் மேல்தோட்டம். நூறு ஹெக்டேயரைச் சற்றுத் தாண்டும் அந்தக் காட்டுக்கு அப்பால், கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் எங்கள் வீடுகள்.

அந்த வீடுகளின் தோட்டமும் ஒரு சின்னக் காடுதான். மேலே பலா, தென்னை, கித்துள்; அதன் கீழே கமுகு, கராம்பு, சாதிக்காய்; தண்டைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி; நிழலில் கோப்பி, வாழை. அடுக்கடுக்காக வளரும் இந்த முறையை விவசாய ஆய்வாளர்கள் 'கண்டி வீட்டுத்தோட்டம்' என்றே பெயரிட்டுப் படிக்கிறார்கள். பட்ட கொப்பில் குக்குறுவான் துளையிட்டுக் கூடு வைக்கும். வாழைப்பூவில் தேன்சிட்டு. ஏப்ரல் புத்தாண்டை முன்கூட்டிச் சொல்லும் குயில். ஒக்டோபர் வாக்கில் இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் பறந்து வரும் ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இருசீராகக் கூவும். தன் உடுப்பை வேறொரு பறவை களவெடுத்துவிட்டதென்று அது முறையிடுவதாகச் சிங்களக் கிராமங்களில் ஒரு கதை உண்டு. அங்கே அதன் பெயர் 'அவிச்சியா'.

பார்த்ததை ஒருவருக்கொருவர் எழுதும் வழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம், உறுப்பினர்கள் எழுதியனுப்பும் குறிப்புகளைத் தொகுத்து மாதந்தோறும் பகிர்ந்தது. அது துரைமார் காலத்து வழக்கம். ஹந்தானைத் தங்கச்சியின் பாட்டி அதே காலத்தில் கொழுந்து பறித்தார். இன்று பேத்தி லயத்து வாசலில் ஆறுமணிக் குருவி கத்திய நேரத்தைக் குழுவில் எழுதுகிறாள். எனக்கு அது பெரிய செய்தி.

நாட்டு நடப்பும் தோட்டத்துக்குள்தான்

2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கு போட்டார்கள், சமூக ஊடகங்களை ஒரு வாரமளவில் முடக்கினார்கள். நானாவுக்குத் தொலைபேசி எடுத்த ஆசிரியருக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. "முற்றத்துக்குக் குருவி வருதா?" என்று கேட்டார். "வருது மாஸ்டர், நாங்கதான் வெளிய போகல்ல" என்றார் நானா. இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்களாம். அன்றைக்குக் கேட்க முடிந்த கேள்வி அதுதான்.

2022 மார்ச் கடைசியில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. எந்த நிரப்பு நிலையத்தில் பெற்றோல், எங்கே பால்மா என்பதே குழுவின் பேச்சு. அதற்கிடையிலும் கட்டுகஸ்தோட்டை அக்கா, தாழ்வாரத்தில் தொங்கவிட்ட முட்டிக்குள் சிட்டுக்குருவி கூடு வைத்ததை எழுதினார். சிட்டுக்குருவிக்கு முட்டி கட்டுவது இந்த நாட்டின் பழைய வழக்கம். ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். அதற்குள் முட்டியிலிருந்து குஞ்சுகள் பறந்துவிட்டன.

2025 மார்ச் 15, சனிக்கிழமை. பயிரை அழிக்கும் குரங்கு, மலையணில், மயில் ஆகியவற்றை நாடு முழுக்க ஒரே நேரத்தில் எண்ணச் சொன்னது அரசு. காலை 8 மணி முதல் 8.05 வரை, ஐந்தே நிமிடம். முன்பு உலர் வலயத்தில் மட்டும் திரிந்த மயில் இப்போது கண்டிப் புறநகர்களிலும் அகவுகிறது. ஐந்து பேரும் ஐந்து தோட்டங்களில் நின்று எண்ணினோம். நானா தோட்டத்தில் மயில் மூன்று. எனக்குக் குரங்கு பதினொன்று. அந்த எண்கள் அரசுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்குமோ தெரியாது, ஆனால் அந்த ஐந்து நிமிடம் நாங்கள் ஐவரும் ஒரே வேலையைச் செய்தோம்.

பெருமழைக்குப் பிறகு

அதே ஆண்டு நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆகும், வருகைக்கென அரசு 200 சேர்க்க 1,750 ஆகும் என்ற அறிவிப்பைத் தங்கச்சி குழுவில் போட்டாள். "கைக்கு வரட்டும், பார்ப்போம்" என்று அடியில் எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து டித்வா புயல். நவம்பர் 27, 28ஆம் திகதிகளில் மழை விடவில்லை. மகாவலி பெருக்கெடுத்தது; மலைகள் சரிந்தன. நாட்டில் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி மாவட்டத்தில்தான் அதிகம். மின்சாரம் போனது, தொலைபேசி போனது, தெருக்கள் அறுந்தன. என் பின்கதவுக்கு வெளியே மழைச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. குழுவில் கடைசியாக இருந்தது தங்கச்சியின் வரி: "மண்ணு சரியுதுன்னு எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாங்க."

மூன்றாம் நாள் சிக்னல் வந்தது. ஆசிரியர், அக்கா, நானா, மூவரும் நலம். தங்கச்சி மட்டும் இல்லை. யாரும் குருவி பற்றி எழுதவில்லை.

அன்று மாலை நால்வரும் ஆசிரியர் வீட்டில் கூடி, அவளிடம் என்ன கொண்டுபோவதென்று பட்டியல் போட்டோம். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அரிசி, பருப்பு, பிஸ்கட்டை எல்லோரும் கொண்டுபோவார்கள். அவள் அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகவில்லை. எந்தச் சொட்டு மருந்து என்று அக்காவுக்குத் தெரியும், மருந்துப் போத்தலின் படத்தைப் போட்டுத் தங்கச்சி குழுவில்தான் கேட்டிருந்தாள். அண்ணன் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். பரீட்சை ஒத்திவைக்கப்பட்டுவிட்டது, புத்தகங்கள் நனைந்திருக்கும். அப்பாவுக்குக் கோதுமை மா ஒத்துக்கொள்ளாது. இவையெல்லாம் மாதக்கணக்கில் நாங்கள் 'சும்மா' கதைத்தவை. எங்கள் பொதி அந்தக் கதைகளால் நிரம்பியது.

பாதை திறந்ததும் நானா ஓட்டோவில் ஏற்றிப்போனார். தங்கச்சியின் குடும்பத்தில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். லயத்தின் பின்சுவர் போய்விட்டது. சொட்டு மருந்தைக் கையில் வாங்கியதும் அவள் அம்மா கேட்டாராம், "இது எப்படிங்க ஒங்களுக்குத் தெரியும்?"

அடுத்த நாள் காலை கதவைத் திறந்தேன். ஈரப்பலா மரத்தடி சேறாகிக் கிடந்தது. குழுவில் ஆசிரியர் எழுதியிருந்தார்: "புலுனி அஞ்சுதான் வந்திருக்கு." சிறிது நேரத்தில் பாடசாலைக் கட்டடத்திலிருந்து தங்கச்சியின் பதில் வந்தது. யாரிடமோ கைபேசிக்குச் சார்ஜ் போட்டிருக்கிறாள்.

"மத்த ரெண்டும் வந்துரும் சேர். பாத்துட்டு எழுதுங்க."