நடக்காத ஒரு சந்திப்பு

2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி டென்மார்க் தேசத்து யூலண்ட்ஸ் போஸ்டன் என்னும் தினசரி, நபிகள் நாயகத்தைப் பற்றிய பன்னிரண்டு சித்திரங்களைப் பிரசுரித்தது. நபிகளின் சரித்திரத்தைக் குழந்தைகளுக்காக எழுதிய ஆசிரியர் ஒருவர், அந்நூலுக்குப் படம் வரைய ஓவியர்கள் அஞ்சுகிறார்கள் என்று முறையிட்டதே இதற்குத் தோற்றுவாய். அந்த அச்சம் மெய்தானா என்று பரீட்சிப்பதே தம் நோக்கம் என்றார் கலைப்பகுதி ஆசிரியர் பிளெமிங் ரோஸ்.

பன்னிரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமன்று. ஒன்றில், முகம்மது என்னும் பெயருடைய பள்ளிச் சிறுவன் கரும்பலகையில் பாரசீக மொழியில், இப்பத்திரிகைக்காரர்கள் வம்புக்கிழுக்கும் பிற்போக்கர்கள் என்று எழுதிப் பத்திரிகையையே பரிகசிக்கிறான். கூர்ட் வெஸ்டர்கோர் வரைந்ததோ நபிகளின் தலைப்பாகையைத் திரி பற்றிய வெடிகுண்டாகக் காட்டியது. நபிகளை உருவமாக வரைவதை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் விலக்காகக் கொள்வது உண்மையே எனினும், முற்காலத்துப் பாரசீக, துருக்கிய ஏடுகளில் பக்தியோடு தீட்டப்பட்ட படங்கள், சிலவற்றில் முகம் திரையிட்டபடி, இன்றும் இருக்கின்றன. ஆகவே நெஞ்சைப் புண்படுத்தியது உருவம் மட்டுமன்று, தாம் உயிரினும் மேலாகப் போற்றும் ஒருவரைக் கொலைத்தொழிலுக்கு மூலபுருஷராக்கிய அபவாதமும் ஆகும் என்பதை மேல்நாட்டு வாதிகள் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. இதே பத்திரிகை, 2003-இல் ஏசுநாதரைப் பற்றிய கேலிச்சித்திரங்கள் வந்தபோது, வாசகர்கள் ரசிக்கமாட்டார்கள் என்று திருப்பியனுப்பியதும் பின்னர் வெளிப்பட்டது.

அக்டோபரில் பதினொரு முஸ்லிம் நாடுகளின் பிரதிநிதிகள், சம்பந்தப்பட்டோரைச் சட்டப்படி கண்டிக்க வேண்டுமென்று பிரதமர் ஆண்டர்ஸ் ஃபோக் ராஸ்முஸனுக்கு எழுதி, நேரிற் சந்திக்கவும் அனுமதி கோரினர். பத்திரிகையை அடக்கும் அதிகாரம் தமக்கில்லை, மனம் நொந்தவர்கள் நீதிமன்றத்தை நாடலாம் என்று அவர் விடையளித்தது முற்றிலும் சரியே. ஆனால் சந்திக்க மறுத்தாரே, அதுதான் பிசகு. அதே விடையை அவர்களை எதிரில் அமர்த்தி, ஒரு கோப்பைக் காப்பியோடு சொல்லியிருந்தால், பேச்சுரிமைக்கு எள்ளளவும் குறை வந்திராது என்பது என் அபிப்பிராயம். சட்டத்தை நாடியவர்களுக்கோ, இதில் குற்றமில்லை என்று அரசாங்க வழக்குத் தொடுப்போர் கையை விரித்தனர்.

கதவு அடைபட்டதும் டென்மார்க்கின் இமாம்கள் சிலர் எகிப்துக்கும் லெபனானுக்கும் புறப்பட்டனர். பத்திரிகையில் வராத, அவற்றினும் இழிவான வேறு படங்களும் அவர்கள் மூட்டையில் சேர்ந்திருந்தன. 2006 ஜனவரியில் சவூதி அரேபியாவில் டென்மார்க்கின் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பகிஷ்கரிக்கப்பட்டன. பிப்ரவரி 4-ஆம் தேதி டமாஸ்கஸிலும் மறுநாள் பெய்ரூட்டிலும் தூதரகக் கட்டடங்கள் தீக்கிரையாயின. பல நாடுகளில் உயிர்களும் மாண்டன. பகிஷ்காரம் மனம் நொந்தவன் உரிமை. தீவைப்பை எந்தத் துயரமும் நியாயமாக்காது. 2010 புத்தாண்டு தினத்தில் வெஸ்டர்கோரின் வீட்டுக்குள்ளேயே ஒருவன் கோடரியோடு நுழைந்தபோது, ரோஸ் பரீட்சிக்கப் போன அச்சம் கற்பனையன்று என்பதும் நிரூபணமாயிற்று.

1946-க்குப்பின் எவரையும் தண்டிக்காது கிடந்த மதநிந்தனைச் சட்டத்தை டென்மார்க் 2017-இல் நீக்கிவிட்டது. பிறகு திருக்குர்ஆன் பிரதிகளைப் பொதுவிடத்தில் எரிக்கும் காரியங்கள் பெருகி, வெளிநாடுகளின் கோபமும் தேசப் பாதுகாப்பைப் பற்றிய கவலையும் வளரவே, 2023 டிசம்பரில் பாராளுமன்றம் 94-க்கு 77 என்னும் வாக்குகளால், சமயநூல்களைத் தகாத முறையில் நடத்துவோருக்கு இரண்டாண்டு வரை சிறை என்று விதித்தது. கேலிச்சித்திரங்களை அச்சட்டம் தொடவில்லை.