மேடையில் நாக்கு குழறிய குழந்தை... அடுத்த ஐந்து நிமிடம் உங்கள் கையில்!

ஓசூர் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழா என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்புரை சொல்ல எட்டு வயதுச் சிறுமி மைக் முன்னால் வந்து நிற்கிறாள். ஒரு மாதமாக மனப்பாடம் செய்த நாலே வரி. முதல் வரியிலேயே 'தமிழ்' என்பது 'தமில்' ஆகிவிடுகிறது. பின்வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு முன்வரிசை வரை ஓடி வருகிறது. அடுத்த வரி மறந்து, கண்ணில் தண்ணீர் முட்ட, மேடையை விட்டு இறங்கி ஓடிவிடுகிறாள்.

அவள் வீட்டில் தெலுங்கு. பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்து வீட்டுக் கன்னடத் தோழிக்குப் பாட்டி என்றால் அஜ்ஜி. சிப்காட் வேலைக்காக வந்த குடும்பங்களில் இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகளும் உண்டு. தெலுங்கிலோ இன்றைய கன்னடத்திலோ 'ழ' ஒலி கிடையாது. வீட்டில் காதில் விழாத ஓர் எழுத்து, அத்தனை பேர் முன்னால் நாக்கில் சரியாக வந்து உட்கார வேண்டுமென்றால் எப்படி? தமிழ் மட்டுமே பேசும் வீடுகளிலும் 'வாளப்பளம்' வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

குழந்தை தடுமாறியது சில நொடிதான். ஆனால் இனி மைக்கைப் பார்த்தாலே அவள் ஒதுங்குவாளா, அடுத்த வருடமும் பெயர் கொடுப்பாளா என்பது பெரும்பாலும் கீழே இறங்கியதும் பெரியவர்கள் நடந்துகொள்வதில் இருக்கிறது. "ஒண்ணுமே ஆகல கண்ணு, யாரும் கவனிக்கல" என்று மழுப்பாதீர்கள். சிரிப்பு அவள் காதிலும் விழுந்தது. "ஆமா, சிரிச்சாங்க. கஷ்டமாத்தான் இருந்திருக்கும், வா" என்று பக்கத்தில் உட்கார வையுங்கள். "எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்" என்ற பாட்டு அன்றைக்கு வேண்டாம்.

அப்புறம் அந்த வீடியோ. முன்பெல்லாம் மேடைத் தடுமாற்றம் பந்தல் பிரிக்கும்போதே மறந்துபோகும். இப்போது அது அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய், அத்தை, மாமா எல்லாரும் சிரிக்கும் பொம்மை போட்டு, அடுத்த பொங்கலுக்கும் ஓடும். பெரியவர்களுக்கு அது செல்லக் கிண்டல். அவளுக்கு அந்த மேடை முடிவதே இல்லை. அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அழித்துவிட்டு, அவளிடம் ஒரு 'சாரி' சொல்லிவிடுங்கள்.

ராஜ்கோட்டில் ஒரு பையனுக்கும் இப்படி நடந்தது. உயர்நிலைப் பள்ளியில் முதல் வருடம். ஆய்வுக்கு வந்த கைல்ஸ் என்ற இன்ஸ்பெக்டர் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். 'கெட்டில்' என்ற சொல்லை அவன் தப்பாக எழுதினான். பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதும்படி ஆசிரியர் பூட்ஸ் நுனியால் சாடை காட்டியும் அவனுக்குப் புரியவில்லை. வகுப்பில் அவன் மட்டும்தான் தப்பு. யாராவது கேலி செய்வார்களோ என்று பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடும் பையன் அவன். பிற்காலத்தில் இதையெல்லாம் 'சத்திய சோதனை'யில் ஊரறிய எழுதியவரும் அவரே, மோகன்தாஸ் காந்தி.

முகம் சிவப்பதும் தப்பில்லை. 1982-ல் செமின், மான்ஸ்டெட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு படம் காட்டினார்கள். கடையில் அடுக்கியிருந்த டாய்லெட் பேப்பர் ரோல்களை ஒருவர் தட்டிவிடுகிறார். எதுவுமே நடக்காததுபோல் இருந்தவரைவிட, வெட்கப்பட்டவரைத்தான் பார்த்தவர்களுக்குப் பிடித்தது. 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட் அணிந்து மாணவர்கள் ஓர் அறைக்குள் போனார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான்.

வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது பேச்சை மட்டும் சொல்லிப் பார்த்தால் போதாது. நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, "இப்ப மறந்துபோச்சு, என்ன பண்ணுவ?" என்று கேளுங்கள். ஒரு மூச்சு விட்டு, முந்தின வரியிலிருந்து திரும்பத் தொடங்கலாம். அப்பாவும் ஒரு முறை உளறிக் காட்டலாம். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

மறுநாள் வகுப்பில் "ஏய், தமில்!" என்று யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள். அதற்கும் ஒரு பதில் கையில் இருக்கட்டும். "எங்க வீட்ல தெலுங்கு. சரி, நீ ரெண்டு வரி தெலுங்கு சொல்லு பார்ப்போம்!"