‘ஹப்பி’ என்றொரு சொல்



நத்தார் வாழ்த்து மடலிலும் பிறந்தநாள் கேக்கிலும் நாம் தயக்கமின்றி எழுதும் ஆங்கிலச் சொல் ‘ஹப்பி’. மகிழ்ச்சி என்பது அதன் பொருள் எனச் சிறுவரும் அறிவர். ஆயினும், அச்சொல் தோன்றிய வேளையில் அது குறித்தது உள்ளத்தின் மகிழ்ச்சியை அன்று.

வட ஐரோப்பியக் கடலோடிகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘ஹப்’ என்றால் அதிர்ஷ்டம். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து அம்மக்கள் இங்கிலாந்தில் குடியேற, அவர்களுடைய சொற்கள் பலவும் ஆங்கிலத்திற் கலந்தன. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஹப்பி’ உருவானபோது, அதிர்ஷ்டம் வாய்த்தவர் என்பதே அதன் பொருளாயிற்று. மனக்களிப்பு என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. ‘நிகழ்தல்’ என்னும் பொருளுடைய ‘ஹப்பின்’, ‘ஒருவேளை’ எனப்படும் ‘பெர்ஹப்ஸ்’, அசம்பாவிதத்தைக் குறிக்கும் ‘மிஸ்ஹப்’ ஆகிய யாவும் இக்குடும்பத்துச் சொற்களே. அசம்பாவிதமும் மகிழ்ச்சியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! ஜெர்மானியரோ இன்றும் அதிர்ஷ்டத்துக்கும் மகிழ்ச்சிக்கும் ஒரே சொல்லையே வழங்குகின்றனர். (ஆசி பெற்றவரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லொன்று தேய்ந்து ‘சில்லி’யாகி, இன்று அறிவிலியைக் குறிக்கின்றது. அது தனிக்கதை.)

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ஆண்டவரின் மலைப்பொழிவை ஆங்கிலத்தில் வாசிப்போர் நீண்டகாலம் கண்டது ‘பிளெஸ்ட்’ என்னும் சொல்லை. அது குருதியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. பலியின் குருதியாற் புனிதப்படுத்துதலே அதன் முதற்பொருளாயிருக்கலாம் என்பர் மொழியறிஞர். 1966இல் வெளிவந்த ஜெருசலேம் விவிலியம் அவ்விடத்தில் ‘ஹப்பி’ என்று எழுதிற்று. எளிய மக்களுக்கு விளங்கவேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால், துயருறுவோரைப் பற்றிய வரிக்கு வரும்போது வாசகர் திகைத்து நிற்கின்றார். அழுதுகொண்டிருப்பவர் எவ்வாறு ‘ஹப்பி’யாக இருக்க முடியும்? மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலுள்ள ‘மக்காரியோஸ்’ என்னும் சொல்லோ தற்காலிக மனநிலையைக் குறிப்பதன்று. கிரேக்கர் அதன் வேர்ச்சொல்லைச் சிறப்பாகத் தங்கள் தெய்வங்களுக்கு வழங்கினர். அத்தகைய சொல் ஏழைகளுக்கும் அழுவோருக்கும் சூட்டப்பட்டமை கேட்டோரை வியப்பில் ஆழ்த்தியிருக்கும்.

தமிழில் நாம் கொடுத்துவைத்தவர்கள் என்பேன். பிற சபைச் சகோதரர்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலுள்ள ‘பாக்கியவான்கள்’ ஒருவருக்கு விழுந்த பங்கை, அதிர்ஷ்டத்தை நினைவூட்டுவது. ‘ஹப்பி’க்கு நெருங்கிய உறவு. 1995இன் பொது மொழிபெயர்ப்பிலோ ‘பேறுபெற்றோர்’ என்றிருக்கின்றது. பேறு என்பது பெறப்படுவது. பெறுபவர் இருப்பின் கொடுப்பவரும் இருக்கவேண்டும் அல்லவா? அதிர்ஷ்டத்துக்குக் கொடுப்பவர் எவருமில்லை.

அச்சொல்லில் இன்னொன்றும் உண்டு. பிள்ளைப்பேறு என்கிறோம், பேறுகாலம் என்கிறோம். வேதனையோடு பெறுவதற்கும் நம் முன்னோர் இதே சொல்லை வைத்தனர். இறுதி இராவுணவின்போது இயேசுவும் தம் சீடரின் துயரத்தைப் பிரசவிக்கும் தாயின் வேதனைக்கே ஒப்பிட்டார் என யோவான் எழுதுகிறார். அவ்வேதனை இல்லையென்று அவர் சொல்லவில்லை. அது எதை ஈன்றெடுக்கும் என்பதையே சொன்னார்.

நம் ஊர்கள் பலவற்றில், அவ்வாண்டு மரணம் நிகழ்ந்த வீட்டிலே நத்தாருக்குப் பலகாரம் சுடுவதில்லை. அயலவரே தட்டில் வைத்துக் கொண்டுசென்று கொடுப்பர். மகனை இழந்த தாய் கதவைத் திறக்கும்போது ‘ஹப்பி கிறிஸ்மஸ்’ என்று சொல்ல எவருக்கும் நாவெழாது. அந்த மௌனத்திற்குக் காரணம், அச்சொல் அவ்விடத்திற் பொருந்தாது என்பதே. ஆண்டவர் பேறுபெற்றோர் என அழைத்தவர்களுள் அத்தாயும் ஒருவர். வரும் நத்தாரன்று அத்தகைய வீடொன்று உங்கள் ஒழுங்கையில் இருக்குமாயின், வாழ்த்து மடலை வைத்துவிட்டுத் தட்டோடு மட்டும் செல்லுங்கள். அவர் மகனின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கினால், எழுந்துவிடாமல் இருந்து கேளுங்கள்.